இடுப்பில் உறுத்தினால் டிராயருக்குப் போய்விடும்: துப்பாக்கி உறை ஏன் சின்ன விஷயமில்லை?

2024 அக்டோபர் 1, விடியற்காலை. மும்பையில் நடிகர் கோவிந்தா கொல்கத்தாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் உள்ள தன் ரிவால்வரை அலமாரியில் எடுத்துவைக்கும்போது அது கை நழுவி விழுந்து வெடித்தது. இடது காலில், முழங்காலுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. ஆபரேஷன் முடிந்து சில நாளில் வீடு திரும்பினார்.

திருடன் வரவில்லை, சண்டை நடக்கவில்லை. ஒரு மனிதர் தன் துப்பாக்கியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான். துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஆபத்தான நேரம் பெரும்பாலும் இதுதான்: எடுக்கும்போது, வைக்கும்போது, செருகும்போது, உட்காரும்போது. இந்த நேரங்களில் கைக்கும் ட்ரிக்கருக்கும் நடுவில் நிற்கக்கூடிய ஒரே பொருள் உறை, அதாவது ஹோல்ஸ்டர். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துத் துப்பாக்கி வாங்குகிறவர் உறைக்கு மட்டும் 'ஏதோ ஒண்ணு கொடுங்க' என்று சொல்லி வாங்கி வருவதுதான் இதில் விசித்திரம்.

'போளூருக்கும் துப்பாக்கிக்கும் என்னங்க சம்பந்தம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ்நாடு துப்பாக்கி ஊர் இல்லை. 2016 இறுதியில் மத்திய உள்துறை அமைச்சகம் கொடுத்த கணக்கில் நாடு முழுவதும் சுமார் 33.69 லட்சம் லைசென்ஸ்கள். அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற பழக்கமும் இந்தப் பக்கம் கிடையாது.

ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பத்து வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருக்கிற ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கும். போளூர், ஆரணி பக்கத்தில் ஒரு பட்டு வியாபாரியோ, நகை அடகுக் கடைக்காரரோ, ரைஸ் மில் முதலாளியோ லைசென்ஸ் வாங்கினால், இடுப்பில் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரிடம் கேட்பார்? தெரிந்ததெல்லாம் சினிமா. சினிமாவில் ஹீரோ முதுகுப் பக்கம் பேண்டுக்குள் செருகிக்கொண்டு ஓடுவார், மாடியிலிருந்து குதிப்பார், துப்பாக்கி அங்கேயே இருக்கும். நிஜத்தில் இருக்காது.

நியூயார்க்கில் 2008 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். பிளாக்ஸிகோ பரஸ் என்கிற பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரர், ஒரு இரவு விடுதிக்கு க்ளாக் பிஸ்டலை உறையில்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அது நழுவி பேண்டுக்குள் இறங்கியது. பதறிப்போய்ப் பிடிக்கப் பார்த்தார். விரல் ட்ரிக்கரில் பட்டு, குண்டு அவர் தொடையிலேயே பாய்ந்தது. அந்த ஊரில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாததால் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனையும் கிடைத்தது. கீழே விழுகிற பொருளைப் பிடிக்கப் போவது மனித சுபாவம். போன் விழுந்தாலும் அப்படித்தான் பாய்கிறோம். அதனால்தான் விழாமல் பார்த்துக்கொள்கிற வேலையை உறையிடம் விட வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போகிறவர் அதை அதற்கென்று செய்யப்பட்ட உறையில் உடம்போடு சேர்த்து வைத்திருக்க வேண்டும், அல்லது அதற்கேற்ற பையில் வைத்திருக்க வேண்டும். அது முழுவதுமாக மறைந்திருக்க வேண்டும். அதே சமயம் உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவது குற்றம். கொண்டாட்டத்துக்குச் சுட்டால், 2019இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆக, இடுப்புக்கு வெளியே, சட்டைக்கு மேலே, எல்லோரும் பார்க்கிற மாதிரி மாட்டிக்கொள்வது யூனிஃபார்ம் போட்ட போலீஸ்காரருக்கு உரியது. லைசென்ஸ்தாரருக்கு அது கிடையாது. இடுப்புத் துப்பாக்கியோடு ரீல்ஸ் போடுகிற தம்பிகள் இதை ஒருமுறை படித்துவிட்டு அப்லோட் செய்யலாம்.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் ஒரு இடத்தில் கோட்டை விடுகிறது. உறை வேண்டும் என்கிறது, எப்படிப்பட்ட உறை என்று சொல்வதில்லை. ட்ரிக்கரை மூட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. தலைகீழாகக் கவிழ்த்தால் துப்பாக்கி விழக் கூடாது என்று ஒரு வரி இல்லை. வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பதற்கு விண்ணப்பதாரரிடம் உறுதிமொழி வாங்குகிற அரசு, தெருவில் கொண்டு போகிற பொருளின் தரத்தைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டது. தைத்த துணிப்பை ஒன்று இருந்தாலே விதியை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். இது மாற வேண்டும்.

'சௌகரியம்' என்றால் சொகுசு இல்லை

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உறை உறுத்தினால் என்ன, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். பொறுத்துக்கொள்ள மாட்டோம். முதல் வாரம் பொறுப்போம். இரண்டாவது வாரம் கார் டேஷ்போர்டுக்குள் வைப்போம். மூன்றாவது வாரம் கல்லாப் பெட்டி டிராயர். பிறகு கடைப் பையன் சில்லறை எடுக்க அதே டிராயரைத் திறப்பான். அசௌகரியமான உறை, துப்பாக்கியை மெதுவாக மனிதனிடமிருந்து பிரித்து, யார் கையிலும் படக்கூடிய இடத்துக்குக் கொண்டு போய்விடுகிறது.

கைத்துப்பாக்கியின் எடை பொதுவாக அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரை. அதற்கு மேலும் உண்டு. நல்ல பட்டுப் புடவை ஒன்றை இடுப்பின் ஒரே பக்கத்தில் காலையிலிருந்து இரவு வரை தொங்கவிட்டுப் பாருங்கள், புரியும். அந்த எடையைத் தாங்குவது உண்மையில் உறை இல்லை, பெல்ட். மெல்லிய ஃபேன்சி பெல்ட்டில் எவ்வளவு நல்ல உறையை மாட்டினாலும் அது வெளிப்பக்கம் சாயும், பிடி இடுப்பை விட்டு விலகிச் சட்டையைத் தூக்கிக் காட்டும். கனமான, முறுக்கினால் வளையாத பெல்ட் முதல் செலவு. உறை இரண்டாவது செலவு.

வேட்டி கட்டுகிறவர்கள் என்ன செய்வது? போளூர், ஆரணியில் இது நிஜமான கேள்வி. வேட்டி மேல் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட் பல பேருக்குப் பணப்பை மாதிரி. அதில் பணம் நிற்கும், ஸ்மார்ட்போன்கூட நிற்கும். துப்பாக்கி நிற்காது. பெல்ட் உடம்பைச் சுற்றி நகரும், பை வாய் திறந்திருக்கும், உள்ளே சாவிக்கொத்தும் சேர்ந்து கிடக்கும். சாவி ஒன்று ட்ரிக்கர் வளையத்துக்குள் நுழைந்தால் போதும். வேட்டி கட்டும் நாளில் துப்பாக்கி வேண்டாம் என்று முடிவு செய்வது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பேண்ட், கெட்டியான பெல்ட், மேலே தளர்வான சட்டையை வெளியே விட்டால் மறைந்தும் இருக்கும்.

எந்த இடத்தில் வைப்பது? இணையத்தில் தேடினால் அமெரிக்க வீடியோக்கள் ஆயிரம் வரும். இப்போது அங்கே ஃபேஷன், தொப்புளுக்குப் பக்கத்தில் பேண்டுக்கு உள்ளே வைப்பது. நின்றுகொண்டே இருக்கிறவருக்கு, காரில் சீட்டைச் சாய்த்து உட்காருகிறவருக்கு அது சரிப்படலாம். ஜவுளிக் கடையில் வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து குனிந்து புடவை விரிக்கிற மனிதருக்கு? பிடி வயிற்றில் குத்தும், குழல் முனை தொடைச் சந்தில் அழுத்தும், அது பார்க்கிற திசையும் நல்ல திசை இல்லை. அவருக்கு வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், கடிகாரத்தில் மூன்று, நான்கு மணி இருக்கும் இடம்தான் தோது.

முதுகெலும்புக்கு நேரே வைப்பது எல்லோருக்கும் கூடாது. ஆரணிக்கு பைக்கில் போகிறவர் ஒருமுறை மல்லாக்க விழுந்தால், அந்த இரும்பு நேராக முதுகுத்தண்டில் இறங்கும். தோளில் மாட்டும் உறை பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் மேலே கோட்டு வேண்டும். மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் கோட்டு போட்டுக்கொண்டு திரிகிறவரை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மறைக்க வாங்கியது விளம்பரமாகிவிடும். கணுக்காலில் மாட்டுவது செருப்பு போடுகிற நாட்டுக்கு ஆகாது.

கடையில் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது சுலபம். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்த காலித் துப்பாக்கியை உறையில் வைத்து, நாற்காலியில் உட்காருங்கள், தரையில் சம்மணம் போடுங்கள், பைக்கில் ஏறுகிற மாதிரி காலைத் தூக்குங்கள், செருப்பு வாரைச் சரிசெய்யக் குனியுங்கள். பத்து நிமிஷம் ஆகும். சட்டை வாங்கவே ட்ரையல் ரூமுக்குப் போகிறோம்.

ஆம்பூர் தோலா, பிளாஸ்டிக்கா?

போளூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. உலகத்துக்கே ஷூ தைக்கிற தோல் ஊர்கள். ஆகவே தோல் உறை என்றால் நம்மவர்களுக்கு இயல்பாகவே ஒரு பிரியம் உண்டு. ஆனால் எந்தத் தோல் என்று கேட்க வேண்டும்.

குரோம் முறையில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும். கைப்பைக்கும் ஷூவுக்கும் அருமை. உறைக்கு அந்த மென்மையே எதிரி. துப்பாக்கியை உருவியதும் வாய் மூடிக்கொள்ளும். திரும்ப வைக்கும்போது இன்னொரு கையால் பிரிக்க வேண்டும், அதாவது உங்கள் கையையே குழலுக்கு முன்னால் நீட்ட வேண்டும். பழசான மெல்லிய தோலின் விளிம்பு உள்ளே மடிந்து ட்ரிக்கரை அழுத்திவிடவும் செய்யும். அதோடு பதனிடும் உப்புகள் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பில் துரு ஏறும்.

ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் வேறு ஜாதி. தென்னிந்தியாவின் பழைய தோல் தொழில் இந்தப் பட்டைப் பதனத்தில்தான் வளர்ந்தது, ஈ.ஐ. லெதர் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியது. நனைத்து, துப்பாக்கியின் வடிவத்துக்கே அழுத்திக் காயவைத்தால் அந்த உருவம் அப்படியே நிற்கும். வாய் திறந்தே இருக்கும். பக்கத்திலேயே இந்தத் தொழில் இருந்தும், நம் ஊர் ரிவால்வருக்கு அளவெடுத்துச் செய்த உறை சுலபமாகக் கிடைக்காமல் 'ஃப்ரீ சைஸ்' பை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது ஆம்பூர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு வகை கைடெக்ஸ். சூடாக்கி அச்செடுக்கிற கெட்டியான பிளாஸ்டிக். வியர்வை ஏறாது, தண்ணீரில் கழுவலாம், துப்பாக்கியை வைக்கும்போது 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்ளும். ஆனால் வேர்க்கிற உடம்பில் நேராகப் பட்டால் உரசிப் புண்ணாகும், உள்ளே ஒரு பனியன் கட்டாயம். உடம்புப் பக்கம் தோல், வெளிப்பக்கம் பிளாஸ்டிக் என்று கலந்து செய்வதும் உண்டு. நம் வெயிலுக்கு அது நல்ல சமரசம். நைலான் துணி உறை மலிவு, எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்பார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதற்கும் ஒழுங்காகப் பொருந்தாது. தவிர்ப்பதே மேல்.

எதை வாங்கினாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. ட்ரிக்கர் வளையம் முழுக்க மூடியிருக்க வேண்டும், வெளியிலிருந்து அழுத்தினாலும் உள்ளே ட்ரிக்கர் அசையக் கூடாது. காலித் துப்பாக்கியோடு கவிழ்த்துக் குலுக்கினாலும் விழக் கூடாது. ஒரே கையால் திரும்ப வைக்க முடிய வேண்டும். உருவும்போது பிடி முழுவதும் உள்ளங்கைக்குள் வர வேண்டும். ரிவால்வர் என்றால் சுத்தியல் நுனி பனியனிலோ சட்டையிலோ மாட்டாத அமைப்பு வேண்டும். இவற்றுக்குப் பிறகுதான் சௌகரியம், அதற்கும் பிறகுதான் அழகு.

திரும்ப வைப்பதில் அவசரம் எதற்கு? சினிமாவில் சுழற்றிச் செருகுவார்கள். நிஜத்தில் சட்டை நுனியை விலக்கி, விரலை நேராக நீட்டி, கண்ணால் பார்த்து, மெதுவாக வைக்க வேண்டும். சட்டைத் துணி ட்ரிக்கர் வளையத்துக்குள் மாட்டினால் அதுவும் ஒரு விரல்தான்.

பெண்களுக்கு நகைப்பெட்டி கொடுத்த கதை

2014 ஜனவரியில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு பெண்களுக்கென்றே செய்ததாக விளம்பரம். டைட்டானியம் கலந்த உலோகம், எடை சுமார் 500 கிராம், விலை 1 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல். அது வந்தது மெரூன் நிற நகைப்பெட்டி மாதிரியான ஒரு பெட்டியில். விலையைப் பற்றி அப்போதே நிறையப் பேர் கேட்டார்கள். புடவையோ சுடிதாரோ உடுத்துகிற பெண் இதை உடம்பில் எங்கே வைப்பாள் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. புடவைக்குப் பெல்ட் இல்லை. சுடிதாருக்கு நாடாதான். மிச்சம் இருப்பது கைப்பை.

கைப்பை எவ்வளவு ஆபத்து என்பதற்கு, அதே 2014 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நடந்தது போதும். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் அறையோடு செய்யப்பட்ட கைப்பை. கிறிஸ்துமஸ் பரிசாக வந்தது. பொருள் வாங்கும் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அந்த ஜிப்பைத் திறந்துவிட்டது. குண்டு பாய்ந்து அம்மா அங்கேயே இறந்துபோனார். பைக்குள் வைத்தே ஆக வேண்டும் என்றால், அந்தப் பைக்குள்ளும் ட்ரிக்கரை மூடும் கெட்டியான உறை வேண்டும், அந்த அறையில் லிப்ஸ்டிக்கூட இருக்கக் கூடாது, பை தோளை விட்டு இறங்கவே கூடாது. குழந்தையோடு வெளியே போகிற நாளில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

எங்கெல்லாம் கூடாது?

லைசென்ஸில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. தனி அனுமதி இல்லாமல் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகிய இடங்களுக்கு ஆயுதத்தைக் கொண்டு போகக் கூடாது. போளூர்க்காரரின் ஒரு வருஷத்தை நினைத்துப் பாருங்கள். படவேட்டில் ஆடி மாதக் கூட்டம், திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம், மாலையில் பிள்ளையைக் கூப்பிட வருகிற ஸ்கூல் கேட். எங்கும் கூடாது. அதாவது ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை கழற்றி மாட்ட வேண்டி வரும்.

ஆகவே பெல்ட்டைக் கழற்றாமல், துப்பாக்கியை உருவாமல், உறையோடு சேர்த்து அப்படியே எடுத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டக்கூடிய கிளிப் வகைதான் நம் வாழ்க்கைக்குப் பொருத்தம். எத்தனை முறை குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. கோயில் வாசலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போவது இந்தக் கணக்கில் வராது.

இளைய தலைமுறைக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஆயுத விதிகளில் வாரிசு ஏற்பாடு உண்டு. லைசென்ஸ்தாரர் இறந்தால் மட்டுமல்ல, 70 வயது ஆனாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு விண்ணப்பிக்கலாம். பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கிற மகனோ மகளோ கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பம் கொடுக்கும்போது, அப்பாவின் ரிவால்வரோடு அப்பாவின் முப்பது வருஷத்து உறையும் வரும். ரிவால்வரை வைத்துக்கொள்ளலாம். அந்த உறையை, நூல் நைந்து, வாய் தொய்ந்து, தோல் உள்பக்கம் மடிந்திருந்தால், நினைவுப் பொருளாகப் பரணில் வைத்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். பழைய வடிவ ரிவால்வர்களில் சில, கீழே விழுந்தால் சுத்தியல் அடிபட்டு வெடிக்கக்கூடியவை. அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு இறுக்கமான உறை இன்னும் அவசியம். அதை நல்ல ஆயுத மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுவதும் அவசியம்.

லைசென்ஸுக்கு முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியில், விண்ணப்பதாரர் வாங்கப் போகும் உறையையே கொண்டுவரச் சொல்லி, காலித் துப்பாக்கியோடு ஐம்பது முறை வைத்து எடுக்கச் சொன்னால் என்ன? செலவு ஒரு பைசா இல்லை. அதில் தடுமாறுகிறவர், 'நான் வீட்டுப் பெட்டகத்திலேயே வைத்துக்கொள்கிறேன்' என்று அவராகவே முடிவெடுக்கவும் கூடும். அந்த முடிவு பல பேருக்குச் சரியான முடிவுதான்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்ப வரும், வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பலர் தோல் உறையோடு அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். அந்த உறையில் உங்கள் மூன்று மாத வியர்வை ஊறியிருக்கிறது. உறையைக் கழற்றி வீட்டில் நிழலில் காயவையுங்கள். துப்பாக்கியை மட்டும் லேசாக எண்ணெய் தடவி, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கி நம்பர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.